பள்ளம் மூடுவதற்கு முன்: தெருவில் குழாய், வடிகால் வேலை நடக்கும்போது குடியிருப்பவர்கள் செய்ய வேண்டியவை

உங்கள் தெருவைத் தோண்டப் போகிறார்கள். பாதாள சாக்கடையாக இருக்கலாம், குடிநீர்க் குழாய், மழைநீர் வடிகால், மின் கேபிள் என்று எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் இப்போதுதான் குடியிருப்போர் நலச்சங்கத்தில் சேர்ந்திருக்கிறீர்கள், அல்லது ஏரியா சபைக் கூட்டத்துக்கு (வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் சபை) முதல்முறை போயிருக்கிறீர்கள். யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது என்று தெரியவில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இருப்பது சென்னையின் தென்புறநகரில். உங்கள் ஊரில் அலுவலகத்தின் பெயர் மாறலாம். வேலை நடக்கும் விதம் பெரும்பாலும் இதேதான்.

எங்கள் தெருவில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதாள சாக்கடைக்காகத் தோண்டியபோது ஜே.சி.பி.யின் பக்கெட் பட்டு குடிநீர்க் குழாய் உடைந்தது. வேலை பார்த்தவர்கள் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டி, சாயங்காலமே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து மூலை வீட்டுத் தொட்டியில் தண்ணீர் நாற ஆரம்பித்தது. அந்த வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அப்புறம் எங்கே உடைந்தது என்று தேடி இரண்டு இடத்தில் தோண்டினார்கள், கிடைக்கவில்லை. ஒப்பந்தக்காரரின் ஆள் மாறிப்போயிருந்தார். பொறியாளரிடம் குறிப்பு எதுவும் இல்லை. கடைசியில் எதிர்வீட்டு அக்காதான் வந்து சொன்னார்: "வேப்பமரத்துக்கு நேரா பாருங்க தம்பி. அன்னைக்கு அங்கதான் தண்ணி பீச்சி அடிச்சுது." தோண்டினால், அந்த டியூப் கட்டு அப்படியே இருந்தது.

அன்றைக்கு யாராவது ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் இப்படித் தேடித் தேடித் தோண்டியிருக்க வேண்டியதில்லை. மண்ணுக்கு அடியில் செய்யும் வேலையை, பள்ளம் திறந்திருக்கும் இரண்டு மூன்று நாளில்தான் பார்க்க முடியும். மூடிய பிறகு குழாய் எந்த ஆழத்தில் போகிறது, இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதை மறுபடி தோண்டாமல் பொறியாளராலும் சொல்ல முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் பாதி அந்த இரண்டு மூன்று நாளைப் பற்றியது.

சாலை யாருடையது, வேலை யாருடையது

இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்து அலைகிறார்கள்.

தெருவுக்குச் சொந்தக்காரர் மாநகராட்சியாகவோ, நகராட்சியாகவோ, பேரூராட்சியாகவோ, ஊராட்சியாகவோ இருக்கலாம். பெரிய சாலை என்றால் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும். வேலை செய்வது வேறொரு துறை. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. மற்ற ஊர்களில் பெரும்பாலும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் கட்டிக் கொடுக்கும், உள்ளாட்சி பராமரிக்கும். கேபிள் என்றால் மின்வாரியம் அல்லது தொலைத்தொடர்பு நிறுவனம்.

தோண்டுகிறவர் சாலைக்காரரிடம் அனுமதி வாங்க வேண்டும். சாலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதற்கான தொகையையும் கட்ட வேண்டும். இதைத்தான் ரோடு கட் அனுமதி என்கிறார்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேலை நடக்கும் இடத்தில் அந்த ஆணையின் நகலைக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தவறே இல்லை. வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது சென்னை மாநகராட்சி ஒவ்வோர் ஆண்டும் சாலை வெட்டுக்குத் தடை போடுவது வழக்கம். அந்தச் சமயத்தில் புதிதாக யாராவது தோண்டினால், அவசர வேலையா, தனி அனுமதி உண்டா என்று உடனே கேளுங்கள்.

தொலைத்தொடர்பு கேபிளுக்குத் தோண்டும்போது இன்னொன்றும் கேட்கலாம். தோண்டுவதற்கு முன் மற்ற துறைகளுக்குத் தகவல் கொடுப்பதற்காக மத்திய அரசு 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. அதில் பதிவு செய்துவிட்டுத்தான் தோண்டுகிறார்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விழித்தால், அடியில் என்ன போகிறது என்று தெரியாமலே இயந்திரத்தை இறக்குகிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம்.

வேலை தொடங்குவதற்கு முன் ஒரு வாரம்

வார்டு உதவிப் பொறியாளரை நேரில் பாருங்கள். தெருவைப் பொறுத்தவரை முக்கியமான அதிகாரி அவர்தான். அவருக்கு மேலே உதவி செயற்பொறியாளர், அதற்கு மேலே செயற்பொறியாளர். முதல் சந்திப்பிலேயே சண்டை வேண்டாம். "சார், எங்க தெருவுல வேலை வருதுன்னு கேள்விப்பட்டோம். எஸ்டிமேட் பார்க்கலாமா? நாங்களும் கூட இருந்து பார்த்துக்கறோம்" என்று சொன்னால் போதும். நான் பார்த்தவரை நல்ல பொறியாளர்கள் இதை வரவேற்கிறார்கள். ஒரே நேரத்தில் பல இடங்களில் வேலை நடக்கும்போது எல்லாப் பள்ளத்திலும் அவர்களால் நிற்க முடியாது.

எஸ்டிமேட் என்பது வேலையின் விவரமும் செலவும் எழுதிய மதிப்பீடு. அதில் நாலு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: குழாயின் வகையும் விட்டமும், பதிக்க வேண்டிய ஆழம், அடியில் மணல் படுகை எவ்வளவு கனம், மூடிய பிறகு சாலையை எப்படிப் போட வேண்டும். ஒப்பந்தக்காரர் பெயர், தொகை, முடிக்க வேண்டிய தேதி ஆகியவை வேலை நடக்கும் இடத்தில் பலகையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பலகை இல்லையென்றால் முதல் புகாரே அதுதான்.

ஒரு நோட்டில் தெருவை வரைந்துகொள்ளுங்கள். அழகாக இருக்க வேண்டியதில்லை. வீடுகள், கதவு எண், மின் பில்லர், மரம், பழைய மேன்ஹோல், ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர் இணைப்பு எங்கே நுழைகிறது என்பது இருந்தால் போதும். இதற்குத் தெருவில் ரொம்ப வருஷமாக இருப்பவர்களைக் கேளுங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அலுவலகத்து வரைபடத்தைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பள்ளம் திறந்திருக்கும்போது

இனிமேல்தான் முக்கியமான கட்டம். ஒரு ஸ்டீல் டேப்பும் போனும் போதும்.

மேஸ்திரியோடு பழகுங்கள். அவர் பெயரையும் எண்ணையும் வாங்கி வையுங்கள். காலையில் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, "அண்ணே, இன்னைக்கு எதுவரைக்கும் போவீங்க? எத்தனை மணிக்கு மூடுவீங்க?" என்று கேட்டுவிட்டால், எந்த நேரத்தில் நீங்கள் அங்கே நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மாலை ஐந்து மணிக்குமேல் அவசர அவசரமாக மூடுவதுதான் வழக்கம். வேலைக்குப் போகிறவர்கள் முறை வைத்து நில்லுங்கள். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற இரண்டு பேரும் வீட்டில் இருக்கும் மூன்று பெண்களும்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள்.

ஆழத்தை அளந்து படம் எடுங்கள். டேப்பைப் பள்ளத்தில் இறக்கி, எண் தெரிகிற மாதிரியும் பின்னால் ஏதாவது வீட்டின் கதவு எண் தெரிகிற மாதிரியும் எடுக்க வேண்டும். வெறும் பள்ளத்தின் படம் எந்தத் தெருவுக்கும் பொருந்தும், அதனால் பயனில்லை. தேதியையும் இடத்தையும் படத்திலேயே பதிக்கும் கேமரா செயலிகள் இருக்கின்றன, ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு படம் இருந்தால் பிற்பாடு எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லலாம்.

குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எப்படிப் போகின்றன என்று பாருங்கள். மத்திய அரசின் பொது சுகாதாரப் பொறியியல் கையேடு, இரண்டுக்கும் பக்கவாட்டில் 3 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது. நம் தெருக்களில் அவ்வளவு இடம் ஏது? அப்போதும், ஒன்றையொன்று கடக்கிற இடத்திலும், குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் குழாய்க்கு மேலே குறைந்தது அரை மீட்டர் உயரத்தில் போக வேண்டும். கீழே போனால், குழாயில் தண்ணீர் வராத நேரத்தில் கசிகிற இடம் வழியாகச் சாக்கடை உள்ளே உறிஞ்சப்படும். மூலை வீட்டுத் தொட்டியில் நடந்தது இதுதான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். தவறாக இருந்தால் அங்கேயே நின்று உதவிப் பொறியாளருக்குப் படத்தை அனுப்பி, அவர் வந்து பார்க்கும்வரை மூட வேண்டாம் என்று கேளுங்கள்.

குழாய்க்கு அடியில் கல்லும் உடைந்த செங்கல்லும் இருக்கக் கூடாது. எஸ்டிமேட்டில் மணல் படுகை இருந்தால் மணல் இருக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய்க்குச் சரிவு உயிர்நாடி. மேன்ஹோலிலிருந்து மேன்ஹோலுக்கு நூல் பிடித்தோ லெவல் கருவி வைத்தோ பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். வெறும் கண்மதிப்பில் போட்டால் நடுவில் வயிறு தொங்கி, அங்கேயே அடைத்துக்கொள்ளும். மூடுவதற்கு முன் தண்ணீர் விட்டு இணைப்பு கசிகிறதா என்று சோதிக்க வேண்டும். எங்கள் தெருவில் நாங்கள் கேட்ட பிறகுதான் அதைச் செய்தார்கள். மூன்று இணைப்பு கசிந்தது.

ஏற்கெனவே இருந்த இணைப்பு எதுவும் உடைந்தால், படம், நேரம், எந்த வீட்டு வாசலிலிருந்து எத்தனை அடி என்பதை நோட்டில் எழுதுங்கள். ரப்பர் டியூப் கட்டும் துணிக் கட்டும் பழுது பார்த்ததாகாது. சரியான காலர் (உடைந்த இடத்தை மூடி இணைக்கும் வளையம்) போட்டுத்தான் மூட வேண்டும். மின் கேபிளின் மேல் உறை கீறப்பட்டிருந்தால் யாரையும் கிட்டே விடாமல் மின்வாரியத்தின் 'மின்னகம்' புகார் மைய எண்ணை அழையுங்கள்: 94987 94987.

உயிர் போகிற விஷயம்

2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் இரவில் தவறி விழுந்து இளம் பத்திரிகையாளர் ஒருவர் உயிரிழந்தார். தடுப்பும் வெளிச்சமும் கேட்பது தொந்தரவு செய்வது ஆகாது. பள்ளத்தின் முழு நீளத்துக்கும் தடுப்பு வேண்டும். இரண்டு கம்புக்கு நடுவில் கட்டிய நாடா தடுப்பாகாது, மழையில் அறுந்து கிடக்கும். இரவில் ஒளிரும் பட்டையும் விளக்கும் வேண்டும், வீடுகளுக்குள் போய்வர உறுதியான பலகைப் பாலம் வேண்டும். இருட்டிய பிறகு ஒரு சுற்று நடந்து பாருங்கள். முதியவர்கள் நடக்கிற பக்கம், பால் வண்டி வருகிற பக்கம், குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிற பக்கம் என்று தெருவில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

பள்ளத்துக்குள் இறங்குகிறவர்களையும் பாருங்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தின் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. மண் சரிந்து புதைந்து போகிறவர்கள் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களுக்காக அங்கே பேச ஆள் இருப்பதில்லை, நாம் பேச வேண்டும். பழைய சாக்கடையோடு புதியதை இணைக்கும்போது யாரையாவது மேன்ஹோலுக்குள் இறக்கினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பாதுகாப்பு இல்லாமல் மனிதரை உள்ளே இறக்குவது, கையால் கழிவு அகற்ற வைப்பதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கான உதவி எண் 14420.

மூடுவதும் சாலை போடுவதும்

தோண்டிய பள்ளத்தை ஒரே தள்ளில் மூடினால், முதல் மழையிலேயே உள்வாங்கும். அரை அடி, முக்கால் அடியாக மண் போட்டு, தண்ணீர் விட்டு, இயந்திரத்தால் திமிசு போட்டு இறுக்கி, அப்புறம் அடுத்த அடுக்கு. களிமண்ணும் குப்பையும் கலந்த சேற்றையே திரும்பத் தள்ளினால் படம் எடுங்கள். அதன்மேல் ஜல்லியும் கலவையும் போட்டு, பிறகுதான் தார் அல்லது கான்கிரீட்.

முழுத் தெருவுக்கும் புதிதாகத் தார் போடுவதாக இருந்தால், பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும். மில்லிங் என்பார்கள். சாலை உயர்ந்து உயர்ந்து வீடுகள் பள்ளத்துக்குள் போய்விட்டதால், 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதைக் கட்டாயமாக்கி எல்லாத் துறைகளுக்கும் உத்தரவிட்டார். வேலைக்கு முன்பே உங்கள் வாசற்படியிலிருந்து சாலை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து, சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் அளந்தால் உண்மை தெரிந்துவிடும். மேன்ஹோல் மூடிகள் தாருக்கு அடியில் போய்விடாமல் சாலை மட்டத்துக்கு உயர்த்தியிருக்கிறார்களா என்றும் எண்ணிப் பாருங்கள். நீங்கள் வரைந்த படத்தில் எட்டு மூடி இருந்தால் சாலையிலும் எட்டு தெரிய வேண்டும்.

புகார் எப்படி எழுதுவது

"எங்கள் தெரு சாலை மோசமாக உள்ளது" என்று எழுதினால் "ஆய்வு செய்யப்பட்டது" என்று பதில் வரும். இப்படி எழுதுங்கள்: "கதவு எண் 14-க்கு எதிரே, மின் பில்லரிலிருந்து 6 அடி தெற்கே, கழிவுநீர்க் குழாய் பதித்த பள்ளம் 9 அங்குலம் உள்வாங்கியுள்ளது. 12-ஆம் தேதி மாலை மூடியபோது திமிசு போடவில்லை, படங்கள் இணைப்பு. ஒப்பந்தக்காரருக்குத் தொகை வழங்கும் முன் தாங்கள் நேரில் ஆய்வு செய்ய வேண்டும்."

கடைசி வரிதான் வேலை செய்யும். உதவிப் பொறியாளர் எழுதும் அளவுப் புத்தகத்தை, அதாவது எம்-புக்கை, வைத்துத்தான் பில் பாஸ் ஆகிறது. பில் பாஸ் ஆவதற்கு முன் எழுத்தில் ஆட்சேபம் வந்துவிட்டால், பார்க்காமல் கையெழுத்துப் போடுவது கடினம். பாஸ் ஆன பிறகும் வழி இருக்கிறது. ஒப்பந்தத்தில் குறைபாடு பொறுப்புக் காலம் என்று ஒன்று உண்டு, அது முடியும்வரை பழுதை ஒப்பந்தக்காரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். அது எந்தத் தேதியில் முடிகிறது என்பதைக் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

சென்னை மாநகராட்சிக்கு 1913, குடிநீர் வாரியத்துக்கு 044-4567 4567, மாநிலம் முழுவதற்கும் முதல்வர் உதவி மையம் 1100. எதில் புகார் கொடுத்தாலும் புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். தொலைபேசிப் புகாரோடு நிறுத்தவும் வேண்டாம். ஒரு கடிதத்தை அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வேலை செய்யும் துறைக்கு எழுதும்போது சாலைக்குச் சொந்தக்காரத் துறைக்கும் ஒரு நகல் போக வேண்டும். இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொண்டே இருப்பார்.

கவுன்சிலருக்கும் தெரிவியுங்கள், ஆனால் அவர் மூலமாக மட்டும் போகாதீர்கள். நகரங்களில் 2022 நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சிகள் தினத்தன்று, ஏரியா சபைகள் கூடின. முதல்வர் ஸ்டாலின் பம்மலில் நடந்த சபையில் கலந்துகொண்டார். அந்தச் சபை உங்கள் தெருவின் குழாயைப் பற்றிப் பேசுவதற்கான இடம்தான். படங்களை அச்சடித்து எடுத்துப் போங்கள். கூட்டத்தில் போனைக் காட்டினால் இரண்டு பேர் பார்ப்பார்கள், அச்சடித்த படம் கைமாறிப் போகும். நீங்கள் சொன்னது நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஊராட்சியில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஆறு கிராம சபை உண்டு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

பதில் வராவிட்டால்

தகவல் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய் கட்டணம், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியும் அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் 48 மணி நேரத்தில். எஸ்டிமேட், பணி ஆணை, ரோடு கட் அனுமதி, எம்-புக் பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். "ஏன் சரியாகச் செய்யவில்லை?" என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு காகிதத்தோடு நிற்பதில்லை. வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் அது உரிமை தருகிறது. தார் எத்தனை கனம் என்று சந்தேகம் இருந்தால் மாதிரி கேட்கலாம். 30 நாளில் பதில் இல்லையென்றால் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுதுங்கள், அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

மூடாத பள்ளம், தெருவில் ஓடும் சாக்கடை என்று பொதுத் தொல்லையாகவே ஆகிவிட்டால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் போகலாம். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆம் பிரிவு. தொல்லையை நீக்கச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ரட்லம் நகரில் திறந்த சாக்கடையோடு வாழ்ந்த மக்கள் அந்தப் பழைய 133-ஆம் பிரிவின் கீழ்தான் நகராட்சிமீது வழக்குப் போட்டார்கள். பணமில்லை என்று சொல்லி நகராட்சி கடமையிலிருந்து நழுவ முடியாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கிருஷ்ணய்யர். மனுவில் அந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள்.

வேலை முடிந்ததும் அந்த நோட்டை உங்கள் வீட்டு அலமாரியில் வைக்காதீர்கள். வரைபடத்தையும் படங்களையும் மூன்று நகல் எடுத்து, சங்கத்துக்கு ஒன்று, உதவிப் பொறியாளருக்கு ஒன்று, தெருவில் சொந்த வீட்டில் இருக்கும் யாராவது ஒருவருக்கு ஒன்று என்று கொடுங்கள். எங்கள் தெருவில் மூன்றாவது நகல் எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது. வேப்பமரத்துக்கு நேரே, சுவரிலிருந்து நாலரை அடி, மூன்றடி ஆழம் என்று அதில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம்.